கலெக்டர் எதை கலெக்ட் பண்றாரு?

டிக்கெட் கலெக்டர் டிக்கெட்டை வாங்குவாரு. ஸ்டாம்ப் கலெக்டர் ஸ்டாம்ப் சேர்ப்பாரு. அப்போ டிஸ்ட்ரிக்ட் கலெக்டர்? மாவட்டத்தையா சேர்க்கிறாரு?

இங்கிலீஷ்ல ரெண்டு பெயர்ச்சொல்லை ஒட்டவெச்சா, ரெண்டுக்கும் நடுவுல என்ன உறவுன்னு நாமதான் யூகிக்கணும். 'டிக்கெட்' சேர்க்கிற பொருள். 'டிஸ்ட்ரிக்ட்' சேர்க்கிற இடம். அங்கே சேர்த்த பொருள் நிலவரி! 1772-ல, வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்துல, கிழக்கிந்திய கம்பெனி வங்காளத்துல கலெக்டர்களை நியமிச்சது. கம்பெனிக்கு முக்கியம் வசூல். பதவிப் பேரும் அதையே சொன்னது. அப்புறம் மாஜிஸ்திரேட் அதிகாரமும் அவர் கைக்கு வந்துச்சு. வேலை பெருத்தது, பேர் மாறலை.

ஆனா இந்தப் பேர் எல்லா ஊருக்கும் அப்பவே வந்துடலை. புதுச்சேரி நெட்டப்பாக்கம் கொம்யூன்ல இருக்கிற பண்டசோழநல்லூரை எடுத்துக்குங்க. 1954 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சி. பக்கத்துத் தென்னார்க்காட்டுல கலெக்டர். இங்கே கொம்யூனுக்குத் தலைவர் 'மேர்'. இங்கிலீஷ் 'மேயர்'தான் அது. 1688-லயே மேயர் வந்த மெட்ராஸ்ல அது நகரத்துப் பதவி. இங்கேயோ வயல்காட்டுக் கிராமங்களுக்கும் மேர் உண்டு.

இப்போ தமிழ்ல 'மாவட்ட ஆட்சியர்'னு எழுதுறோம். வசூலிக்கிறவர் போய் ஆள்கிறவர் வந்துட்டாரு. பட்டாவுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் மனுவோட வரிசையில நிக்கிறவங்க இந்த ரெண்டு பேரையுமா தேடி வர்றாங்க? மனுவை வாங்கிப் படிச்சு, பதில் சொல்ற ஒருத்தரைத்தானே?