ஸ்பான்சர்

அன்னதானமோ கிரிக்கெட் சட்டையோ, ஸ்பான்சர் என்றால் நமக்குப் பணம் கொடுத்தவர். மருத்துவ ஆய்வுப் படிவத்தில் ‘ஸ்பான்சர்: ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம்’ என்று இருந்தால் சங்கதி வேறு.

இலத்தீனில் ‘ஸ்பாண்டேரே’ என்பது உறுதிமொழி தருவது. ரோமானியச் சட்டத்தில் ஸ்பான்சர், பிறர் கடனுக்குப் பிணை நின்றவர். கடனாளி கைவிரித்தால் இவர் தலையில் விடியும். பிறகு ஞானஸ்நானத்தில் குழந்தைக்காக வாக்குக் கொடுக்கும் ஞானப்பெற்றோருக்கும் அந்தப் பெயர் வந்தது. விளம்பரதாரர் என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில், வானொலிக் காலத்தில் பரவியது.

மருத்துவ ஆய்வு அந்தப் பழைய பொருளை விடவில்லை. ஆய்வு விதிப்படி நடக்கிறதா, பங்கேற்பவர்கள் பத்திரமா, பக்கவிளைவுகள் உரிய இடத்துக்குத் தெரிவிக்கப்பட்டனவா என்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் ஸ்பான்சர். பணம் வேறு இடத்திலிருந்தும் வரலாம். 2020 மார்ச்சில் பிரிட்டனில் தொடங்கிய ‘ரெகவரி’ ஆய்வுக்கு முக்கிய நிதி அரசு ஆய்வு அமைப்புகளுடையது, பொறுப்பு ஆக்ஸ்ஃபோர்டுடையது. டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்து, வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று ஜூனிலேயே அது காட்டியது. காப்புரிமை முடிந்த மருந்தைப் புதிதாகச் சோதிப்பதில் கம்பெனிகளுக்குப் பெரிய லாபமில்லை. அதற்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகம் போன்ற அமைப்புதான் வரவேண்டும்.

தமிழில் ‘புரவலர்’ என்கிறோம். அது பரிசில் தரும் கை. ‘பிணையாளர்’ பொருளுக்கு நெருக்கம், ஆனால் கோர்ட் வாடை அடிக்கிறது. ‘பொறுப்பு நிறுவனம்’ என்றே நான் எழுதுவேன்.