மட்டிக் கொட்டகையின் வரலாறு

வரலாறு என்றவுடன் கோட்டைகளும் கொத்தளங்களும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. முப்பத்துநான்கு ஆண்டுகள் வகுப்பறையில் வரலாறு கற்பித்த நானும் பெரும்பாலும் அவற்றையே கற்பித்தேன். இன்று உங்களுக்குச் சொல்லப்போவதோ ஒரு கொட்டகையின் வரலாறு. பலகைச் சுவர், பொரிக்கும் சட்டி, காசு வாங்கிக்கொள்ள ஒரு சாளரம், வெளியே நான்கைந்து மர மேசைகள். இவ்வளவே அதன் உடைமை. ஆயினும் அதனைத் தேடி மக்கள் ஐம்பது மைல், நூறு மைல் கார் ஓட்டிக்கொண்டு வருகின்றனர். ஏன் வருகின்றனர் என்று ஆராயப் புகுந்தபோது, நான் கற்பிக்கத் தவறிய பாடம் ஒன்று எனக்குக் கிடைத்தது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையில் ஆறு மாநிலங்கள் அடங்கிய பகுதியை நியூ இங்கிலாந்து என்பர். அங்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு அருகில், என் மகள் குடும்பத்துடன் வாழ்கிறாள். ஓய்வு பெற்றபின் ஒரு கோடைக்காலத்தை அவள் இல்லத்தில் கழித்தேன். கடலோர ஊரில் பிறந்தவனாதலால் மீன் உணவில் எனக்கு விருப்பம் மிகுதி. இதனை அறிந்த மருமகப்பிள்ளை, “மாமா, நல்ல மீன் வேண்டுமானால் பெரிய உணவுவிடுதிக்குப் போகக்கூடாது; கொட்டகையைத் தேடித்தான் போகவேண்டும்” என்று கூறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார்.

முதலில் நாங்கள் நின்ற இடம் எங்களை ஏமாற்றியது. சுவரெங்கும் வலைகளும் நங்கூரங்களும் அலங்காரமாகத் தொங்கின. மேசைமேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. விலையோ தலையைச் சுற்ற வைத்தது. மீன் எங்கிருந்து வந்ததென்று வினவினேன். பரிமாறியவருக்கு விடை தெரியவில்லை. வலை சுவரில் தொங்குமானால் கடலில் வீசப்படவில்லை என்றுதானே பொருள் என்று பேத்தி கேட்டாள். பத்து வயதுக் குழந்தையின் தருக்கத்தை மறுக்க என்னால் இயலவில்லை. எழுந்து வந்துவிட்டோம்.

பின்னர் பாஸ்டனுக்கு வடகிழக்கே ஏறத்தாழ முப்பது மைல் தொலைவில் உள்ள எசெக்ஸ், இப்ஸ்விச் என்னும் சிற்றூர்களின் பக்கம் சென்றோம். சாலையின் ஒருபுறம் பசும்புல் படர்ந்த உவர்நிலம். அதனை ஊடறுத்து நெளிந்தோடும் கழிகள். ஓதம் வற்றியிருந்த வேளை. பளபளக்கும் சேற்றில் முழங்கால் வரை புதையும் காலணி அணிந்த இருவர், குட்டைப் பிடி கொண்ட முள்மண்வெட்டியால் குனிந்து கிளறிக்கொண்டிருந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தது மட்டி. அங்கிருந்து சிறிது தூரத்தில் ஒரு கொட்டகையின் புகைபோக்கி தெரிந்தது. தேடி வந்த இடம் அதுவே என்று எவரும் சொல்லாமலேயே உணர்ந்துகொண்டோம்.

அந்த மட்டியைப் பற்றிச் சிறிது அறிந்துகொண்டால் கொட்டகையின் மறைபொருள் விளங்கும். அதன் ஓடு மெல்லியது. ஓடுகள் இரண்டும் முழுமையாக மூடிக்கொள்வதில்லை. நீரை உறிஞ்சும் குழல் எப்போதும் வெளியே நீண்டிருக்கும். ஆகவே சேற்றிலிருந்து எடுத்தபின் அது ஈரத்தைக் காத்துக்கொண்டு நெடுநாள் உயிர் வாழ்வதில்லை. நெடுந்தூரம் அனுப்பினால் சுவை கெடும். உணவு மனிதனிடம் பயணம் செய்து வர இயலாதபோது, மனிதன் உணவிடம் பயணம் செய்து போகவேண்டியிருக்கிறது. கொட்டகையின் வரலாறு முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

அக்கடற்கரையில் முதலில் ஓட்டுமீன் உண்டோர் ஐரோப்பியர் அல்லர். அம்மண்ணின் பழங்குடி மக்களே. மெய்ன் மாநிலத்தில் டாமரிஸ்காட்டா ஆற்றங்கரையில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் அவர்கள் உண்டு எறிந்த சிப்பி ஓடுகள் முப்பதடிக்கு மேல் உயர்ந்து குன்றாகக் குவிந்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அக்குன்றின் பெரும்பகுதியைக் கோழித்தீவனத்துக்காக வெட்டி எடுத்துவிட்டனர். அரண்மனையாக இருந்திருந்தால் காத்திருப்பார்கள். ஏழை எளியவர் உண்ட மிச்சம்தானே என்று விட்டுவிட்டார்கள் போலும்.

ஆங்கிலேயக் குடியேறிகள் 1620ஆம் ஆண்டில் பிளிமத் என்னுமிடத்தில் இறங்கினர். 1623ஆம் ஆண்டில் புதியவர்கள் கப்பலில் வந்து சேர்ந்தபோது, ரொட்டி இன்றி, சிங்கி இறாலும் மீனும் ஊற்றுநீரும் மட்டுமே அளிக்க இயன்றதை வறுமையின் அடையாளமாகவே ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு எழுதி வைத்திருக்கிறார். இன்று செல்வர் விருந்தில் தலைமை தாங்கும் சிங்கி இறால் அன்று நாணத்துக்குரிய உணவு. நம் கடலில் அகப்படும் சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்குகள் இல்லை. அவர்கள் கடலினதற்கு இரண்டு பெருங்கொடுக்குகள் உண்டு என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. வாரத்துக்கு இத்தனை நாளுக்குமேல் சிங்கி இறால் தரக்கூடாதென்று அக்காலத்து வேலைக்காரர்கள் ஒப்பந்தம் எழுதி வாங்கினர் என்று ஒரு கதை எங்கும் வழங்குகிறது. அத்தகைய ஒப்பந்தம் ஒன்றையும் எவரும் கண்டெடுத்ததில்லை. சுவையான கதை வேறு, சான்றுள்ள வரலாறு வேறு.

சான்றுள்ள செய்தி ஒன்று இதனினும் சுவையானது. 1641 முதல் 1647 வரையிலான ஆண்டுகளில் மாசசூசெட்ஸ் குடியேற்றம் ஒரு சட்டம் செய்தது. கடலோர நிலத்துக்கு உரியவரின் உடைமை ஓதம் வற்றும் எல்லை வரை செல்லலாம். ஆனால் அந்தச் சேற்றுநிலத்தில் மீன் பிடிக்கவும், பறவை வேட்டையாடவும், படகு செலுத்தவும் பொதுமக்களுக்குள்ள உரிமையைத் தடுக்கலாகாது. மட்டி எடுத்தலும் மீன்பிடித்தலில் அடங்கும். இன்று அதற்கு அந்தந்த ஊராட்சியின் உரிமச் சீட்டு வேண்டும்; அளவுக் கட்டுப்பாடும் உண்டு. எனினும் சொந்தமாக ஒரு சாண் நிலமும் இல்லாதவன் மண்வெட்டியும் முதுகுவலியுமே முதலாகப் பிழைக்க முடிந்தது இவ்வுரிமையால்தான். கொட்டகை உணவு மலிவாக இருந்ததற்கு முதற்காரணம் கரை பொதுவாக இருந்ததே ஆகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எசெக்ஸ் மரக்கப்பல் கட்டுவதில் பெயர்பெற்ற ஊர். அங்கே எடுத்த மட்டியைப் பெரும்பாலும் உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்துக் காட் மீன் பிடிக்கும் கப்பல்களுக்குத் தூண்டில் இரையாக விற்றனர். மீனுக்கு இரையாக இருந்த மட்டி மனிதருக்கு விருந்தானது எப்போது? எசெக்ஸ் மக்கள் ஒரு நாளையே குறிப்பிட்டுச் சொல்கின்றனர்: 1916ஆம் ஆண்டு ஜூலை 3.

சாலையோரத்தில் லாரன்ஸ் உட்மன் என்பவரும் அவர் மனைவி பெஸ்ஸியும் சிறுகடை நடத்திவந்தனர். உருளைக்கிழங்கு வறுவலும் ஓட்டோடு மட்டியும் விற்றனர். வணிகம் மந்தமாக இருந்த அன்று நண்பர் ஒருவர், “அந்த மட்டியையும் கிழங்குச் சட்டியில் போட்டுப் பொரித்தால் என்ன?” என்று விளையாட்டாகக் கேட்டாராம். ஓட்டிலிருந்து பிரித்து, மாவில் புரட்டிப் பொரித்துப் பார்த்தனர். மறுநாள் அமெரிக்க விடுதலைத் திருநாள். ஊர்வலம் காண வந்த கூட்டத்துக்கு விற்றனர். அக்கடை நூறாண்டு கடந்தும் அக்குடும்பத்தாரால் நடத்தப்பட்டு வருகிறது. ஆனால் பாஸ்டன் நகரின் பார்க்கர் ஹவுஸ் விடுதியில் 1865ஆம் ஆண்டிலேயே உணவுப் பட்டியலில் பொரித்த மட்டி இடம்பெற்றிருந்தது. ஆகவே மட்டியை முதலில் பொரித்தவர் உட்மன் என்று கூறுவதற்கில்லை. செல்வர் விடுதியின் பண்டத்தைச் சாலையோரத்துக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் உரியதாக்கியதே அத்தம்பதியரின் பெருமை.

அவர்களுக்குத் துணைநின்றது கார். ஹென்றி ஃபோர்டு 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட டி மாதிரிக் காரின் விலை முதலில் 850 டாலர் அளவில் இருந்தது. 1913ஆம் ஆண்டில் நகரும் தொடர்முறையில் கார் பூட்டத் தொடங்கியபின் விலை படிப்படியாகக் குறைந்து, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்தது. ஆலைத் தொழிலாளியும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகலாயினன். மெய்ன் முதல் ஃபுளோரிடா வரை செல்லும் முதலாம் எண் நெடுஞ்சாலைக்கு 1926ஆம் ஆண்டில் எண் இடப்பட்டது. சாலை வந்தது, சாலையோரத்தில் பசியும் வந்தது, பசிக்கு விடையாகக் கொட்டகைகள் முளைத்தன.

சிங்கி இறாலின் கதையும் இவ்வழியே சென்றது. 1840களில் மெய்ன் மாநிலத்தில் அதனைத் தகர டப்பாவில் அடைக்கத் தொடங்கினர். பின்னர் உயிருடன் விற்பதே ஆதாயமாயிற்று. கடல்நீர் புகுந்து வெளியேறும் பட்டிகளில் அதனை அடைத்துக் காத்தனர். கார்கள் வந்தபின் பட்டிக்கு அருகிலேயே கடல்நீரைக் கொதிக்கவைத்து, வருவோருக்கு அவித்துக் கொடுத்தனர். பட்டியைக் குறிக்கும் பவுண்டு என்னும் சொல்லே அங்கே பல கடைகளுக்குப் பெயராக நிற்கிறது.

கொட்டகையை வென்றுவிட முயன்றவர்களும் உண்டு. ஹோவர்டு ஜான்சன் என்பவர் 1925ஆம் ஆண்டில் பாஸ்டனுக்கு அருகில் ஒரு சிறுகடையுடன் தொடங்கி, செம்மஞ்சள் கூரையிட்ட உணவுவிடுதிகளை நாடெங்கும் நிறுவினார். அங்கேயும் பொரித்த மட்டி கிடைத்தது. ஆனால் அது ஆழ்கடல் மட்டியின் சதையை நாடாவாக அரிந்து, உறையவைத்து அனுப்பியது. எங்கே உண்டாலும் ஒரே சுவை என்பதே அவ்விடுதிகளின் பெருமை. 1960களில் அமெரிக்காவின் மிகப்பெரிய விடுதித் தொடராக விளங்கிய அந்நிறுவனத்தின் கடைசி உணவுவிடுதி 2022ஆம் ஆண்டில் மூடப்பட்டது. சேற்றோரக் கொட்டகைகளோ இன்னும் நிற்கின்றன.

நாங்கள் கண்ட கொட்டகைக்கு வருகிறேன். சாளரத்தருகே நீண்ட வரிசை. எனக்கு முன்னால் சேறு உலராத காலணியோடு மட்டி எடுப்பவர் ஒருவர். பின்னால் விலையுயர்ந்த காரில் வந்திறங்கிய முதியவர். எவருக்கும் தனி மரியாதை இல்லை. எண் அழைத்தபோது அவரவர் தட்டை அவரவரே ஏந்திச் சென்றனர். காகிதத் தட்டில் பொன்னிறமாகப் பொரிந்த மட்டி; கடித்தபோது உவர்க்கழியின் மணம். அந்த மணம் என்னை 1986ஆம் ஆண்டுக்கு இழுத்துச் சென்றது.

அப்போது நான் மன்னார் வளைகுடாக் கரையோர ஊர் ஒன்றில் இளம் ஆசிரியன். என் வகுப்பில் மீனவர் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் இருந்தான். ஒருநாள் அவன் தூக்குச்சட்டியைத் திறந்ததும் பிற மாணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் முறையிட்டனர். சட்டியில் இருந்தது அவித்த மட்டி. நான் அவர்களைக் கண்டித்திருக்க வேண்டும். அதற்கு மாறாக, “நீ வெளியே புங்கமரத்தடியில் போய்ச் சாப்பிடு” என்று அச்சிறுவனை அனுப்பினேன். மீன் தின்று வளர்ந்த நானே அதனைச் செய்தேன். மறுநாள் முதல் அவன் வெறுஞ்சோறும் ஊறுகாயும் கொண்டுவந்தான். ஒழுங்குக்குக் கீழ்ப்படிந்தான் என்று அன்று நான் மகிழ்ந்தேன். அவன் தாய் விடியலில் கழியில் குனிந்து எடுத்த உணவை என் ஒரு சொல்லால் நாணத்துக்குரியதாக்கினேன் என்பது, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, அந்த மர மேசைமுன் அமர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

உணவில் உயர்வு தாழ்வு இல்லை. அதனைக் கையில் ஏந்தியவர் எவர் என்று பார்த்தே நாம் உயர்வும் தாழ்வும் கற்பிக்கிறோம்.

மலிவான கொட்டகை என்றேன். அந்த மலிவும் இன்று குறைந்து வருகிறது. நாங்கள் உண்ட தட்டு ஒன்றின் விலை முப்பது டாலரைத் தாண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த பச்சை நண்டு, கடல்நீர் வெப்பமுறுவதால் பெருகி, இளமட்டிகளைத் தின்றொழிக்கிறது. நச்சுப்பாசி பெருகும் காலங்களில் சேற்றுநிலங்களை மூடிவைக்கின்றனர். 2005ஆம் ஆண்டில் பெரும்பரப்பு அவ்வாறு மூடப்பட்டது. குனிந்து சேறு கிளறும் தொழிலுக்கு இளைஞர் வருவதும் அரிது. ஏழையின் உணவு விருந்தாகும்போது, ஏழைக்கு அது எட்டாமற் போவதும் வரலாறு காட்டும் உண்மையே.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் கழியும் கரையும் இருக்கலாம். சாலையோரத்தில் ஓலைக்கூரையிட்ட மீன்கடை ஒன்று இருக்கலாம். அங்கே உண்ணும்போது, இது எங்கிருந்து வந்தது, எவர் எடுத்தார், அந்தக் கரை எவருக்கு உரியது என்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவற்றின் விடைகளைக் குறித்து வைத்தால், நான் எழுதாமல் விட்ட வரலாற்றை நீங்கள் எழுதத் தொடங்கியவர் ஆவீர்கள். வகுப்பில் உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவன் தூக்குச்சட்டியைத் திறக்கத் தயங்கினால், உங்கள் சட்டியை அவனருகே நகர்த்தி வையுங்கள். அதனை அன்று நான் கற்பிக்கவில்லை, இன்று கற்பிக்கிறேன்.