காந்தட் கிழங்கும் மூட்டுவாதமும்

கார்த்திகை மாதம் பிறந்ததும் எங்கள் ஊர் வேலிகளிலே காந்தள் பூத்துவிடும். இலை நுனியையே கையாக்கிக் கதியாலைப் பற்றி ஏறும் கொடி அது. இதழ்கள் முதலிற் பச்சை, பின்பு மஞ்சள், ஈற்றில் தீயின் செம்மை என மாறும். கபிலர் தாம் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே பூக்களை வரிசைப்படுத்தியபோது இதற்கே முதலிடம் அளித்தார். இதன் கிழங்கோ கலப்பை போல வளைந்திருக்கும். அதனாற் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். தமிழகத்தார் கண்வலிக் கிழங்கு என்றும் கூறுவர்.

சென்ற கார்த்திகையில் எங்கள் பெரியையாவுக்குக் காற்பெருவிரல் மூட்டு வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலும் பொறுக்க முடியாத வலி எடுத்தது. வைத்தியர் மாத்திரை கொடுத்தார். அம்மாத்திரையின் சத்து காந்தட் கிழங்கிலும் உண்டு என்று யாரோ பெரியையாவுக்குச் சொல்லிவிட்டார்கள். “வேலியிலே கிடக்கிற கிழங்கை விட்டுவிட்டு ஏன் கடையிலே காசு கொடுப்பான்?” என்று மண்வெட்டியைத் தேடினார். ஆச்சி பதறிப்போனார். “விசரே உனக்கு? அது நஞ்சல்லோ!” என்றார். பெரியையா எம்மை நோக்கி, “தம்பி, நீ சயன்ஸ் படிக்கிறாய். அது மருந்தோ, நஞ்சோ? சொல்லு பாப்பம்” என்றார்.

மிஷன் கல்லூரியிலே தாவரவியல் பயின்றபோது இப்பூவை அறுத்துப் படம் வரைந்தவர்கள் நாம். இதழ் எத்தனை, கேசரம் எத்தனை என்று சொல்ல எமக்குத் தெரியும். பெரியையாவின் கேள்விக்கு மட்டும் விடை தெரியவில்லை. அன்று கிழங்கைத் தோண்ட விடாது தடுத்தவர் ஆச்சியே. விடுமுறை முடிந்து பல்கலைக்கழகத்துக்கு மீண்டபின் நூல்களைத் தேடிப் படித்தோம். அங்ஙனம் அறிந்ததை எம்போன்ற இளைஞர்க்கும், பெரியையா போன்ற மூத்தோர்க்கும் உதவும் என எண்ணி ஈண்டு வரைகின்றோம்.

பழைய உலகின் நஞ்சும் மருந்தும்

இக்கதை நம் வேலியில் அன்று, மேற்கே தொடங்குகின்றது. கருங்கடலின் கீழ்க்கரையிலே, இன்றைய ஜோர்ஜியா நாட்டுப் பகுதியிலே, பண்டைக் கிரேக்கர் கொல்க்கிசு என்றழைத்த நாடு இருந்தது. அந்நாட்டின் பெயரால் ஒரு செடிக்குக் கொல்சிக்கம் என்று பெயர் வழங்கிற்று. இலையுதிர் காலத்தில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் சிறு செடி அது. கி. பி. முதலாம் நூற்றாண்டிலே மருந்துநூல் இயற்றிய டயோஸ்கோரிடீசு, அதனை உண்டால் இறப்பு நேரும் என எச்சரித்தார். ஆனால் ஆறாம் நூற்றாண்டிலே திரல்லெசு நகர அலெக்சாந்தர் என்ற வைத்தியர், ஹெர்மோடக்டில் என்ற கிழங்கை மூட்டுவலிக்கு மருந்தாகக் கூறினார். அது கொல்சிக்க இனத்தது என்பது அறிஞர் பலரது கருத்து. அராபிய வைத்தியரும் சூரிஞ்சான் என்ற பெயரால் இதனை மூட்டு நோய்க்கு வழங்கினர். ஒரே கிழங்கு ஒருவர் நூலில் நஞ்சாகவும் மற்றொருவர் நூலில் மருந்தாகவும் நின்றது. பெரியையாவுக்கும் ஆச்சிக்கும் இடையே எழுந்த வழக்குப் புதியதன்று.

அவ்வலிக்கு ஆங்கிலத்தில் கௌட் என்று பெயர். மூட்டுவாதம் என நாம் ஒரு சொல்லால் அழைப்பது உண்மையிற் பல நோய்களின் கூட்டம். கௌட் அவற்றுள் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆங்கில வைத்தியர் தோமசு சிடனாம் பல்லாண்டுகள் இந்நோயால் வருந்தியவர். 1683இல் அதனைப் பற்றி நூலும் எழுதினார். அவர் பேதி மருந்துகளை வெறுத்து ஒதுக்கினார். கொல்சிக்கமும் கடும் பேதி தருவதாதலின் நெடுங்காலம் மதிப்பிழந்து கிடந்தது.

1763இல் வியன்னா நகரத்து வைத்தியர் அந்தோன் வொன் ஸ்ரோர்க் அதனை மீண்டும் எடுத்தார். முதலிற் சிறிதளவைத் தாமே உட்கொண்டு பார்த்தார். பின்பு காடியும் தேனும் சேர்த்து நீர்வீக்கத்துக்கு வழங்கினார். பிரான்சிலே ஹூசோன் என்ற படை அதிகாரி “மருந்து நீர்” என்ற பெயரால் ஒன்றை விற்றார். கௌட் வலி அதனால் விரைவில் தணிந்தது. அதில் என்ன கலந்திருந்தது என்பதை மட்டும் அவர் வெளியிடவில்லை. செல்வர் பலர் பெரும்பணம் கொடுத்து வாங்கிக் குடித்தனர். 1814இல் வாண்ட் என்ற ஆங்கில மருத்துவர் அந்நீரின் உயிர்ப்பொருள் கொல்சிக்கமே எனக் காட்டியபின் இரகசியம் உடைந்தது.

ஆய்வுகூடத்தின் வாசலில்

1820இல் பாரிசிலே பெலெத்தியே, கவந்து என்னும் இருவர் கொல்சிக்கத்தினின்று அதன் சத்தைப் பிரித்தெடுத்தனர். கொயினாவைப் பிரித்தவர்களும் இவர்களே, அதுவும் அதே ஆண்டிலே. 1833இல் ஜேர்மனியரான கைகர் அச்சத்துக்குக் கொல்சிசின் எனப் பெயரிட்டார். அன்று தொட்டுக் கிழங்கை விட்டு அதனுள் இருக்கும் பொருளைக் கிராம் கணக்கில் நிறுத்துப் பார்க்க முடிந்தது.

நோயின் காரணத்தைத் தேடியவர் இலண்டன் வைத்தியர் ஆல்பிரட் கரொட். 1848இல் கௌட் நோயாளரின் குருதியிலே யூரிக்கமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். பின்பு அவர் கண்ட சோதனை எவரும் விளங்கக்கூடியது. நோயாளியின் குருதிநீரைச் சிறு கண்ணாடித் தட்டில் இட்டு, சிறிது அசற்றிக்கமிலம் சேர்த்து, அதிலே ஒரு நூலிழையைப் போட்டு வைப்பார். யூரிக்கமிலம் மிகுந்திருந்தால், மழைத்துளி கொடியிலே தொங்குவது போல, நூலிலே பளிங்குகள் ஒட்டிக்கொள்ளும். ஒரு நூலிழையே நோயைக் காட்டிற்று.

நம் வேலிக் கிழங்கு

நம் நாடுகளிலே காந்தட் கிழங்கின் நஞ்சுத்தன்மையை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சித்த வைத்தியர் அதனை அப்படியே கொடுப்பதில்லை. மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்பிட்ட மோரில் ஊறவைத்துக் காயவைத்துச் சுத்தி செய்த பின்னரே கையாள்வர். அச்சம் அறிந்தவன் கைப்பக்குவம் அது.

1880இல் கல்கத்தாவிலே வார்டன் என்ற இரசாயனப் பேராசிரியர் இக்கிழங்கை ஆராய்ந்து கசப்பான நச்சுப்பொருள் ஒன்றைக் கண்டார். அதற்குச் சுப்பர்பின் எனத் தனிப்பெயர் சூட்டினார். 1915இல் இலண்டனிலே வெல்கம் இரசாயன ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த குளூவர், கிறீன், தியூற்றின் என்ற மூவர் கிழங்கை மறுபடியும் பகுத்துப் பார்த்தனர். அதன் பிரதான நஞ்சு வேறொன்றன்று, ஐரோப்பியச் செடியிலிருந்து நூறாண்டாக அறியப்பட்ட கொல்சிசினே என்று வெளியிட்டனர்.

கருங்கடற் கரையிலே நிலத்தோடு ஒட்டிப் பூக்கும் செடியும், நம் வேலியில் ஏறிப் படரும் கொடியும் உருவத்தில் யாதும் ஒவ்வாதவை. கண்ணுக்குத் தெரியாத இவ்வுறவை ஆய்வுகூடமே கண்டது. இன்று தாவரவியலாரும் இவ்விரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்துள்ளனர். இப்பொழுது தமிழகத்திலே திண்டுக்கல், கரூர் முதலிய பகுதிகளிற் காந்தளைப் பயிரிட்டு, கொல்சிசின் எடுப்பதற்காக அதன் விதையை ஏற்றுமதி செய்கின்றனர். ஆகவே பெரியையா கேட்ட செய்தியிற் பொய்யில்லை.

தம்மையே சோதித்தவர்கள்

யூரிக்கமிலம் மிகுந்திருப்பது வேறு, அதுவே வலியைத் தருகின்றது என நிறுவுவது வேறு. 1961இல் மக்காட்டி, ஹொலண்டர் என்னும் அமெரிக்க வைத்தியர் நோயாளரின் மூட்டுநீரை ஒளிமுனைவு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, ஊசிபோன்ற யூரேற்றுப் பளிங்குகளைக் கண்டனர். அவைதாம் குற்றவாளிகளோ? மக்காட்டியும் அவருடைய தோழர் பெயர்சும் அப்பளிங்குகளைத் தம் முழங்கால் மூட்டினுள்ளே ஊசிமூலம் ஏற்றிக்கொண்டனர். சில மணித்தியாலத்துள் மூட்டு வீங்கிக் கடும் வலி எடுத்தது. 1962இல் அவர்கள் அதனை எழுதி வெளியிட்டபின் ஐயம் நீங்கிற்று.

கொல்சிசின் இப்பளிங்கைக் கரைக்கின்றதா? இல்லை. யூரிக்கமிலத்தைக் குறைக்கின்றதா? அதுவும் இல்லை. 1967இல் சிக்காகோவிலே பொறிசி, ரெயிலர் என்ற இருவர், அது கலங்களின் உள்ளே ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்கின்றது எனக் கண்டனர். அப்புரதம் தியூபியூலின் எனப் பின்னர் பெயர் பெற்றது. கலத்தின் உள்ளே நுண்ணிய குழாய்கள் கட்டப்படுவது அதனாலேயே. மூட்டிலே பளிங்கைக் கண்டதும் வெண்குருதிக் கலங்கள் படையெடுத்து வந்து, அதனை விழுங்க முயன்று, மூட்டையே போர்க்களம் ஆக்குகின்றன. கொல்சிசின் அக்குழாய்களைக் கட்டவிடாது தடுப்பதால் படையின் வேகம் தளர்கின்றது. வலி தணிகின்றது.

அதே குழாய்களே கலம் இரண்டாகப் பிரிவதற்கும் வேண்டும். குடலின் உட்சுவர், எலும்பு மச்சை, மயிர்வேர் ஆகியவற்றின் கலங்கள் ஓயாது பிரிபவை. மருந்து மிஞ்சினால் முதலில் அடிபடுவன இவையே. ஆகவே வாந்தியும் பேதியும் முன்னே வருகின்றன. குருதி குன்றுகின்றது. பிழைத்தவர்க்கும் ஒன்றிரண்டு கிழமைகளில் மயிர் உதிர்கின்றது. காந்தட் கிழங்கால் நஞ்சுண்ட ஒருவருக்கு மயிர் முழுவதும் கொட்டியதை இலங்கை வைத்தியர் குணரத்ன 1966இல் பிரித்தானிய மருத்துவ இதழிலே எழுதினார். வற்றாளைக் கிழங்கு எனத் தவறாக எண்ணி இதனை அவித்து உண்டவர்களும் உளர். நோயைத் தணிக்கும் செயலும் உயிரை வாங்கும் செயலும் இரண்டல்ல. ஒரே செயல், அளவே வேறு.

எவ்வளவு?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர் நம் முன்னோர். அந்த அளவு எது என்பதை அறிய மனிதர்க்கு நெடுங்காலம் சென்றது. 1987 வரையும் மேலை வைத்தியர், பேதி தொடங்கும்வரை மணிக்கு மணி மாத்திரை கொடுத்தே பழகியிருந்தனர். ஆண்டாண்டாக வந்த வழக்கம் என்பதே அதற்கு ஆதாரம். அவ்வாண்டிலே அவுஸ்திரேலியாவில் 43 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்குக் கொல்சிசினும் மற்றதற்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தனர். மருந்துண்டவருள் மூன்றில் இரு பங்கினர் இரண்டு நாளிற் சுகம் கண்டனர். வெறும் மாத்திரை உண்டவருள் மூன்றில் ஒரு பங்கினரே கண்டனர். ஆனால் மருந்துண்ட அனைவருக்கும் பேதியோ வாந்தியோ வந்தது.

2010இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்த மற்றோர் ஆய்விலே 184 நோயாளர் பங்குபற்றினர். சிலருக்கு 4.8 மில்லிகிராம், சிலருக்கு 1.8 மில்லிகிராம், சிலருக்கு வெறும் மாத்திரை. ஒரு நாளில் வலி பாதியாகக் குறைந்தவர்கள் முறையே நூற்றுக்கு 33, 38, 16 பேர் அளவில் இருந்தனர். பேதி வந்தவர்களோ பெரும் அளவில் நூற்றுக்கு 77, சிறிய அளவில் 23. குறைந்த மருந்தே நிறைந்த பயன் தந்தது. டயோஸ்கோரிடீசு எச்சரித்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரே இவ்வுண்மை வெளிப்பட்டது! பழைமையின் பிடி கீழைநாட்டாருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நாம் இதனால் அறிகின்றோம்.

1.8 மில்லிகிராம் என்பது எவ்வளவு? ஒரு கிராமை ஆயிரம் கூறிட்டு, அவற்றுள் இரண்டு கூறினும் குறைவு. ஏழு மில்லிகிராம் அளவிலேயே மரணம் நேர்ந்த பதிவுகள் உண்டு. மருந்துக்கும் மரணத்துக்கும் இடையிலுள்ள வரம்பு அத்துணை ஒடுங்கியது. வேலிக் கிழங்கிலோ சத்து ஒரே அளவாய் இருப்பதில்லை. கொடிக்குக் கொடி, மண்ணுக்கு மண் மாறும். அம்மியில் அரைப்பவர் எவ்வாறு மில்லிகிராம் கணக்கு அறிவார்? வைத்தியர் குறித்த மாத்திரையையும் அவர் சொன்ன அளவுக்கு மேல் உண்ணலாகாது. சிறுநீரகம், ஈரல் பழுதுற்றோர்க்கும், வேறு சில மருந்துகள் உண்போர்க்கும் சிறிய அளவே தீங்காகலாம்.

பெரியையாவுக்கு எமது விடை

இன்று நம்மிடையே இரு சாரார் உளர். எல்லாம் எங்கள் ஏட்டிலே உண்டு என்பார் ஒரு சாரார். ஏட்டில் உள்ளது எல்லாம் மூடநம்பிக்கை என்பார் மறு சாரார். கல்லூரி நாளில் நாமும் இரண்டாம் சாராரோடு சேர்ந்து சிரித்ததுண்டு. காந்தளின் வரலாறு இருவர்க்கும் விடை பகர்கின்றது. மூட்டுநோய்க்கு மருந்து கிழங்கினுள் உண்டு எனக் கண்டவர்கள் ஆய்வுகூடம் இல்லாத காலத்துப் பெரியோர். அம்மருந்து எது, எந்த நோய்க்கு, எவ்வளவு, எதனால் என்ற நான்கு கேள்விக்கும் விடை கண்டது ஆய்வுகூடம். எந்த நோய்க்கு என்பதும் முக்கியம். முதுமையிலே தேய்ந்த முழங்காலுக்கு இது மருந்தாகாது.

நம் சூழலிலே முடக்கொத்தான், நொச்சி என மூட்டுவலிக்கு வழங்கும் மூலிகைகள் இன்னும் பல உள. அவற்றை வெறுமனே புகழ்வதிலும், வெறுமனே இகழ்வதிலும் பயனில்லை. இந்நான்கு கேள்வியையும் ஒவ்வொன்றின் முன்னும் வைத்துப் பொறுமையோடு விடை காண்பதே முன்னோர்க்கு நாம் செய்யும் மரியாதை. விஞ்ஞானம் பயிலும் சங்க இளைஞர்கள் அப்பணிக்கு முன்வரல் வேண்டும்.

சித்திரை விடுமுறையில் வீடு சென்றபோது இவற்றையெல்லாம் பெரியையாவிடம் எடுத்துச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, “அப்ப ஆச்சி சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி” என்றார். ஆம், இருவர் சொன்னதும் சரியே. ஆயினும் அன்று மண்வெட்டியைத் தடுத்தது ஆச்சியின் சொல். அச்சொல் இல்லாதிருந்தால் எமது ஆராய்ச்சி காலம் கடந்ததாய் முடிந்திருக்கும்.