எபிரேயம் தந்த ஆங்கில மரபுகள்

தமிழ்த் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஆங்கிலத்தில் உரைத்து, வகுப்பிலே நகைப்புக்கு ஆளானவர் நம்மிற் பலர். பிறமொழி நடை ஆங்கிலத்துக்கு ஆகாது என்று ஆசிரியர் திருத்துவார். ஆனால், அதே வகுப்பில் வேதபாட வேளையில் நாம் வாசித்த விவிலியத்தின் ஆங்கிலம் பல இடங்களிற் பிறமொழி நடையே என்பதை அன்று நாம் அறிந்திலோம்.

விவிலியத்தின் பழைய ஏற்பாடு மிகுதியும் எபிரேய மொழியில் எழுந்தது. அதனை மூலத்திலிருந்தே ஆங்கிலமாக்கத் துணிந்தவர் வில்லியம் டின்டேல். எபிரேயத்தின் இயல்பு இலத்தீனைவிட ஆங்கிலத்துக்கே ஆயிரம் மடங்கு பொருந்தும் என்று அவர் 1528இல் எழுதினார். மோசேயின் ஐந்து நூல்களை 1530இல் வெளியிட்டார். இஸ்ரவேலர் ஆண்டுக்கொருமுறை தம் பாவங்களை ஓர் ஆட்டின் தலைமேற் சுமத்தி, அதனை வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவர். அங்கே வரும் எபிரேயச் சொல்லைத் 'தப்பிப்போகும் ஆடு' எனப் பிரித்துப் பொருள்கொண்டு, 'ஸ்கேப்கோட்' என்ற சொல்லை டின்டேல் ஆக்கினார். பிறர் பழியைச் சுமப்பவனுக்கு ஆங்கிலத்தில் இன்று அதுவே பெயர். சமய விரோதி எனத் தீர்க்கப்பட்டு 1536இல் அவர் கொல்லப்பட்டார். அவர் ஆக்கிய சொற்களோ அழியவில்லை.

ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1611இல் வெளிவந்த மொழிபெயர்ப்பும் பெரிதும் அவர் வழியையே பின்பற்றியது. 'கிங் ஒவ் கிங்ஸ்', 'சோங் ஒவ் சோங்ஸ்' என, தலைசிறந்ததை ஒரே சொல்லை இரட்டித்துக் கூறுவது எபிரேய மரபு. யோபு தம் பற்களின் தோலோடு தப்பியதாக அந்நூல் கூறும். பல்லுக்கு ஏது தோல்? ஆயினும், நாம் மயிரிழையில் தப்பினான் என்னுமிடத்தில் ஆங்கிலேயர் பற்களின் தோலையே இன்றும் சொல்கின்றனர். தலைமுறை தலைமுறையாகத் தேவாலயத்தில் வாசிக்கக் கேட்டமையால் அந்நியம் சொந்தமாயிற்று.

இதனால் நம் பிழைகளும் மரபாகிவிடும் என்று நாம் வாதிடவில்லை. டின்டேல் இருமொழியும் கற்றுத் தேர்ந்து, அறிந்தே பெயர்த்தார். நாம் அறியாமற் பெயர்த்தோம்.

அறிந்து பெயர்த்தலுக்கு யாழ்ப்பாணத்திலும் சான்றுண்டு. பேர்சிவல் பாதிரியாரின் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். மிஷன் பள்ளியில் ஆங்கிலம் கற்ற அவரே, 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிறமொழிப் பயிற்சி அவரைத் தம் மொழியினின்றும் சமயத்தினின்றும் பிரிக்கவில்லை.

நகைப்புக்கு அஞ்சாது ஆங்கிலம் கற்போம். அதனினும் ஆழமாகத் தமிழ் கற்போம்.