மானி யாருக்காகச் சுழன்றது? வீட்டு எரிவாயு, மின்சாரக் கணக்கீட்டின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

விறகடுப்பை மட்டும் நம்பியிருந்த வீட்டில் எரிபொருட் கணக்குக் கண்முன்னே கிடந்தது. கோடிப்புறத்தில் அடுக்கிய விறகு இன்னும் எத்தனை நாளைக்குக் காணும் என்பதையும், மண்ணெண்ணெய்ப் போத்தலில் எஞ்சியிருப்பது எத்தனை இரவுக்குப் போதும் என்பதையும் அடுப்படியில் நின்ற பெண் பார்த்த மாத்திரத்தே அறிந்தாள். குழாய் வழி வந்த வாயுவும் கம்பி வழி வந்த மின்சாரமும் இந்நிலையை மாற்றின. கண்ணுக்குப் புலனாகாத இப்பண்டங்கள் எவ்வளவு செலவாயின என்பதை, செலவானபின் பிறர் எழுதிக் கொடுக்கும் பட்டியல் வாயிலாகவே வீட்டார் அறியவேண்டியதாயிற்று. பண்டத்துக்கும் வீட்டுக்கும் இடையே மானி என்னும் கருவி வந்து அமர்ந்தது.

மின்சாரத்தையும் எரிவாயுவையும் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு கூறும் அறிவுரைகள் நம்மிடையே மிகப் பல. அவற்றிற் பெரும்பாலானவை சிக்கனத்தை வீட்டாரின், குறிப்பாக வீட்டுப் பெண்களின், ஒழுக்கம் சார்ந்த ஒன்றாகவே காண்கின்றன. மானியும் கட்டண முறையும் யாருடைய தேவைக்காகத் தோன்றின என்ற வினா அவற்றுள் எழுவதில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வாயுவும் காசிடும் மானியும்

1812 இல் அரச பட்டயம் பெற்ற 'காஸ் லைட் அன்ட் கோக்' கம்பனி, இலண்டன் நகரில் நிலக்கரி வாயுவை வழங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் வாயு அளந்து விற்கப்படவில்லை. எத்தனை சுடர், நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம் என்ற ஒப்பந்தப்படியே கட்டணம் அறவிடப்பட்டது. குறித்த நேரம் கடந்தும் எரியும் விளக்குகளைக் கண்டறியக் கம்பனிகள் கண்காணிப்பாளரை வைத்திருக்கவேண்டியிருந்தது. சாமுவேல் கிளெக் 1815 இல் காப்புரிமை பெற்ற வாயுமானி இச்சூழலிற் பிறந்தது. எனவே மானியின் முதற்பணி கண்காணிப்பாளனின் பணியே எனலாம். மானி சரியாக அளக்கின்றதா என்பதைச் சோதித்து முத்திரையிடும் முறையைப் பிரித்தானியாவிற் சட்டமாக்கியது 1859 ஆம் ஆண்டின் வாயு விற்பனைச் சட்டமாகும். கருவி தோன்றி நாற்பதாண்டுகளுக்கு மேற் கழிந்த பின்னரே இது நிகழ்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வாயு தெருக்களுக்கும் கடைகளுக்கும் வசதி படைத்தோரின் இல்லங்களுக்கும் உரியதாகவே இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பட்டியல், வாரக்கூலி பெற்ற தொழிலாளிக்குப் பொருந்தவில்லை. 1880களில் மின்விளக்குச் செல்வர் இல்லங்களுட் புகத் தொடங்கியபோது, வாயுக் கம்பனிகள் புதிய சந்தையைத் தேடின. பேர்மிங்காமைச் சேர்ந்த பிரவுன்ஹில் என்பவர் 1887 இல் காப்புரிமை பெற்ற காசிடும் மானி அச்சந்தையைத் திறந்துவிட்டது. ஒரு பெனி நாணயத்தை இட்டால் அதற்குரிய அளவு வாயு வரும். அளவு முடிந்தால் சுடர் அணையும். 1890களில் இலண்டனின் தொழிலாளர் குடியிருப்புகளில் இம்மானிகள் வேகமாகப் பரவின. அடுப்பையும் விளக்குப் பொருத்துகளையும் கம்பனிகளே கொடுத்தன; அவற்றின் செலவை வாயுவின் விலையிற் சேர்த்து அறவிட்டன. அதனால் காசிட்டு வாயு பெற்ற ஏழை, பட்டியல் பெற்ற செல்வனைவிட ஒரே அளவு வாயுவுக்குக் கூடிய விலை கொடுத்தான்.

ஆயினும் இம்மாற்றத்தை வெறும் சுரண்டலாக மட்டும் கொள்வது முழுமையான நோக்காகாது. ஒற்றை அறைக் குடியிருப்பில் கோடைகாலத்திலும் நிலக்கரி அடுப்பை மூட்டவேண்டியிருந்த பெண்ணுக்கு, ஒரு பெனியில் தேநீர் கொதிக்கவைக்க முடிந்தமை பெரும் விடுதலையாகும். இவ்விரு உண்மைகளும் ஒருங்கே நின்றன. மோட் பெம்பர் ரீவ்ஸ், இலண்டனின் லம்பெத் பகுதித் தொழிலாளர் குடும்பங்களின் வாரச் செலவுக் கணக்குகளைத் திரட்டி 1913 இல் வெளியிட்ட நூல் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. வைப்பதற்கு இடமும் முதலும் இல்லாமையால் நிலக்கரியைச் சிறு சிறு அளவில் வாங்கியோர் அதற்கு அதிக விலை கொடுத்ததை அந்நூல் எடுத்துக்காட்டியது. வறியோரின் வீட்டு நிர்வாகம் கவனக்குறைவானது என்ற மேற்தட்டு எண்ணத்தை அக்கணக்குகள் தகர்த்தன.

இம்முறை பழங்கதையாகிவிடவுமில்லை. கடன்பட்ட வீடுகளில் முற்பண மானிகளை வலிந்து பொருத்தும் வழக்கம் பிரித்தானியாவில் 2023 பெப்ரவரியிலேயே, பொதுமக்களின் கண்டனத்தின் பின், இடைநிறுத்தப்பட்டது.

2. மின்சாரமும் உச்சவேளையும்

1882 செப்ரெம்பர் 4 ஆம் நாள் நியூயோர்க்கின் பேர்ள் வீதியில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அவர் அமைத்த மின்மானி, நாகத் தகடுகள் அமிழ்ந்த ஓர் இரசாயனக் கலமாகும். மாதந்தோறும் தகடுகளைக் கழற்றி எடுத்துச்சென்று நிறுத்து, அவற்றின் நிறை மாறிய அளவைக் கொண்டு மின்சாரத்தைக் கணக்கிட்டனர். நுகர்வோர் வாசிக்கத்தக்க இலக்கம் எதுவும் அதில் இருக்கவில்லை. புடாபெஸ்ற் நகரில் ஒற்றோ பிளாதி 1889 இல் உருவாக்கிய தூண்டல் மானியின் வழிவந்தனவே, பின்னர் உலகெங்கும் வீட்டுச் சுவர்களிற் காணப்பட்ட சுழலும் தட்டுடைய மானிகள்.

எவ்வளவு என்ற வினாவுக்கு இவ்வாறு விடை கிடைத்தபின், எப்போது என்ற வினா எழுந்தது. மின்சாரத்தைப் பேரளவிற் சேமித்து வைத்தல் அரிது. ஆகவே மாலையில் எல்லா விளக்குகளும் ஒருங்கே எரியும் அந்த ஓரிரு மணிநேரத் தேவைக்கு ஏற்பவே நிலையத்தின் பருமன் அமையவேண்டும்; ஏனைய நேரத்தில் அம்முதலீடு சும்மா கிடக்கும். பிரித்தானியப் பொறியியலாளர் ஜோன் ஹொப்கின்சன் 1892 இல் ஆற்றிய உரையில் இதனைத் தெளிவுபடுத்தி, ஆயத்தமாக நிற்பதற்கான செலவு, உற்பத்தி அளவுக்கேற்ற செலவு எனக் கட்டணத்தை இரு கூறாக்கவேண்டும் என்றார். பிறைற்றன் நகர மின்நிலையத்தில் ஆதர் றைற் அக்கருத்தை உச்சத்தேவை காட்டும் மானியாக வடித்தார். 1894 இல் அங்கு சென்ற சாமுவேல் இன்சல், அம்முறையைச் சிக்காகோவிற் கையாண்டு பெருவணிகமாக்கினார்.

இன்று நம் மின்பட்டியலிற் காணப்படும் நிலையான கட்டணத்தின் மூலம் இக்கருத்தே. பொறியியல் நோக்கில் அது நியாயமானது. அதன் சமூக விளைவோ வேறானது. பகல் முழுதும் மின்சாரம் கொள்ளும் ஆலையும் டிராம் வண்டியும் சிறந்த நுகர்வோராயின. பகலில் உழைத்து மாலையில் மட்டும் இரண்டு விளக்கேற்றும் குடும்பம் செலவு மிக்க நுகர்வோராயிற்று. உழைப்பு நேரம் யாரால் வகுக்கப்பட்டது என்பதைச் சமன்பாடு கேட்பதில்லை.

3. இலங்கையின் அனுபவம்

இலங்கையில் நீர்மின் வலுவின் சாத்தியத்தை 1918 இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர தமது ஆய்வுரையில் எடுத்துரைத்தார். பலமுறை தடைப்பட்ட அத்திட்டத்தின் முதற்கட்டம், 25 மெகாவாற்று ஆற்றலுடன் லக்சபானவில் இயங்கத் தொடங்கியது 1950 இலேயே. 1969 இல் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது. மலையக ஆறுகளை மறித்துப் பெற்ற மின்சாரம் கொழும்புக்குச் சென்றது. அந்நீர்த்தேக்கங்களைச் சூழவுள்ள தோட்டங்களின் லயன் அறைகளிற் பெரும்பாலானவற்றுக்கோ அது பல பத்தாண்டுகள் கழித்தே எட்டியது.

வறியோருக்குச் சலுகை வழங்கும் நோக்குடன் இலங்கையிற் படிமுறைக் கட்டணம் கையாளப்பட்டது. 2014 செப்ரெம்பர் முதல் 2022 ஓகஸ்ற் வரை நிலவிய வீதங்களை நோக்குவோம். மாதம் 60 அலகு கொள்ளும் வீடு, முதல் 30 அலகுக்கு 2.50 ரூபா வீதமும் அடுத்த 30 அலகுக்கு 4.85 ரூபா வீதமும், நிலையான கட்டணமாக 60 ரூபாவும் செலுத்தியது. 60 அலகுக்குப் பட்டியல் 280.50 ரூபா. 61 ஆவது அலகைத் தொட்டால் முதல் 60 அலகும் 7.85 ரூபா வீதமாகி, மேலதிக அலகுக்கு 10 ரூபாவும் நிலையான கட்டணம் 90 ரூபாவும் சேர, பட்டியல் 571 ரூபாவாகும். அந்த ஓர் அலகின் உண்மை விலை 290.50 ரூபா! இந்த எல்லையை எத்தனை வீடுகள் அறிந்திருந்தன? மாத நடுவில் சுவரிலுள்ள மானியை வாசித்துக் கழித்துப் பார்த்தோருக்கே அது பயன்பட்டிருக்கும்.

ஓர் அலகு என்பது ஆயிரம் வாற்றுக் கருவி ஒரு மணிநேரம் கொள்ளும் சக்தியாகும். ஆயிரம் வாற்று மின்னழுத்தி அதனை ஒரு மணிநேரத்தில் முடித்துவிடும். பத்து வாற்று மின்குமிழ் அதனைக் கொண்டு நூறு மணிநேரம் எரியும். ஆகவே விளக்கை அணைக்குமாறு பிள்ளையைக் கடிந்துகொண்டே நீர்சூடாக்கியை மறந்துவிடும் வீடு, கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே சிக்கனம் செய்கின்றது. 12.5 கிலோகிராம் எரிவாயுவில் அடங்கிய வெப்பசக்தி ஏறத்தாழ 160 அலகு மின்சாரத்துக்குச் சமம். ஒரு வீட்டின் சக்திக் கணக்கில் அடுப்பே முதன்மையானது என்பதை இது காட்டும்.

4. மானியற்ற ஆண்டுகள்

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டது. மண்ணெண்ணெய்க்கும் தடை வந்தது. ஜாம் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சிறு திரியை ஏற்றி மாணவர் படித்தனர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். ஒரு செய்தியறிக்கைக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதைக் கை அறிந்த காலம் அது.

இதனைச் சிக்கனத்தின் வெற்றியாகப் போற்றுவது தவறாகும். அது தடையால் விதிக்கப்பட்ட இல்லாமை. ஆனால் அக்காலம் ஓருண்மையை உணர்த்துகின்றது. செலவு கண்ணுக்குத் தெரியுமிடத்து, அதனை நிர்வகிக்கும் அறிவு எளிய மக்களிடம் தானே தோன்றுகின்றது. குறைந்திருந்தது அறிவன்று, காணும் வாய்ப்பே.

5. 2021 இன் பின்

2021 ஒக்ரோபரில் எரிவாயுவின் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதற்குமுன் 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோகிராம் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. வரிசையில் நின்றும் கிடைக்காத நாள்களில் நகரத்து மாடிக் குடியிருப்புகளிலும் விறகு புகைந்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணிநேரம்வரை நீண்டது.

மின்கட்டணமும் உயர்ந்தது. மாதம் 30 அலகு கொள்ளும் வீடு 2022 ஓகஸ்ற் வரை செலுத்தியது 105 ரூபா. 2023 பெப்ரவரி வீதப்படி, அலகுக்கு 30 ரூபாவும் நிலையான கட்டணம் 400 ரூபாவும் சேர, அதே வீடு 1,300 ரூபா செலுத்தவேண்டியதாயிற்று. இது பன்னிரண்டு மடங்குக்கு மேலாகும். அதே காலத்தில் 180 அலகுக்கு மேற்பட்ட நுகர்வின் அலகு விலை 45 ரூபாவிலிருந்து 75 ரூபாவாகவே உயர்ந்தது. பழைய விலை உற்பத்திச் செலவைவிடக் குறைந்ததென்பது உண்மையே. ஆயினும் இடைவெளியை நிரப்பும் பாரம் எத்தோளில் முதலில் இறக்கப்பட்டது என்பதை இவ்வெண்கள் தெளிவாகக் கூறுகின்றன. 2023 ஜூலை முதல் வீதங்கள் குறைக்கப்பட்டன. ஆனால் அதற்கிடையில் கட்டணம் செலுத்த இயலாத இலட்சக்கணக்கான இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. மாதம் 30 அலகு கொள்ளும் வீட்டினர் இனி எதனைச் சிக்கனம் செய்வது? விளக்கையா, பிள்ளையின் படிப்பையா?

முடிவுரை

கண்காணிப்பாளனின் இடத்தை நிரப்பப் பிறந்த மானி, பெனி நாணயத்தின் காவலனாகவும் உச்சவேளையின் கணக்கனாகவும் வளர்ந்ததை இதுவரை கண்டோம். வீட்டாரின் ஆசானாக அது ஒருபோதும் அமைக்கப்படவில்லை. ஆயினும் கருவி எவர்க்கும் நிரந்தரமாக உரியதன்று. அதனை வாசிக்கக் கற்றவர் அதனைத் தமதாக்கிக்கொள்ளலாம். மானியை எளிதில் வாசிக்கத்தக்க இடத்திற் பொருத்துதல், கட்டணப் படிகளின் எல்லைகளை மக்கள் மொழியிற் பட்டியலிலேயே விளக்குதல், அலகுக் கணக்கைப் பாடசாலையிற் கற்பித்தல் ஆகியவை பெருஞ்செலவு வேண்டாத செயல்கள். இவற்றுக்கு மேலாக, கட்டணம் வகுக்கப்படும் மேசையில் 30 அலகு வீட்டின் குரலும் ஒலிக்கவேண்டும். அதுவரை சிக்கனம் பற்றிய அறிவுரை, ஏற்கெனவே அரைத்திரியில் விளக்கெரிப்பவரை நோக்கித் திரியைக் குறைக்கச் சொல்வதாகவே அமையும்.