தாய்மொழியும் பள்ளி இசைக்கல்வியும்: ஹங்கேரியில் கொடாய் நெறியின் வரலாறு

பள்ளிச் சிறுவர்க்கு இசை கற்பிப்பதன் பயன்களாக நினைவாற்றல், மனக்குவிப்பு, கூட்டுணர்வு ஆகியன பொதுவாகச் சுட்டப்படுகின்றன. இருபதாம் நூற்றாண்டில் ஹங்கேரியில் உருவான இசைக்கல்வி நெறி இவற்றோடு வேறொரு பயனையும் முதன்மைப்படுத்தியது. தாய்மொழியின் ஒலியமைதியைக் குழந்தையின் செவியில் நிலைபெறச் செய்வதே அது. அந்நெறியின் வரலாறும் அது எழுப்பும் மொழிபெயர்ப்புச் சிக்கலும் இங்கு ஆராயப்படுகின்றன.

1. சிக்கலின் தோற்றம்

இந்நெறியின் மூலவரான சோல்டான் கொடாய் (1882–1967) இசையமைப்பாளர் மட்டுமல்லர். பல்கலைக்கழகத்தில் மொழியும் இலக்கியமும் பயின்றவர். 1905இல் ஊர்களுக்குச் சென்று நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டத் தொடங்கிய அவர், அப்பாடல்களின் கண்ணியமைப்பை ஆராய்ந்து 1906இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் பேலா பார்டோக்குடன் இணைந்து இருபது பாடல்களை வெளியிட்டார்.

ஹங்கேரிய மொழியில் அழுத்தம் சொல்லின் முதல் அசையில் விழும். உயிரின் குறுக்கமும் நீட்டமும் அழுத்தத்தைச் சார்ந்தவை அல்ல. அவை பொருளை வேறுபடுத்துவன. ‘கொர்’ என்பது வயது. ‘கோர்’ என்பது நோய். முதல் அசை அழுத்தத்திற்கு இயைய, நாட்டுப்புறப் பாடல்கள் பெரும்பாலும் தாளத்தின் வலுவான எண்ணிக்கையிலேயே தொடங்குகின்றன. ஜெர்மன் மொழியிலோ பெயர்ச்சொல்லுக்கு முன் அழுத்தமற்ற சார்புச்சொல் வருவது இயல்பு. ஆகவே, வலுவான எண்ணிக்கைக்குச் சற்று முன்னரே எடுக்கப்படும் பாடல்கள் அம்மொழியில் மிகுதி.

கொடாயின் இளமைக்காலத்தில் ஹங்கேரி ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் கீழ் இருந்தது. ஜெர்மன் மெட்டுகளுக்கு ஹங்கேரியச் சொற்களைப் பொருத்திய பாடல்கள் பள்ளிகளில் வழங்கின. அவற்றில் பொருள் பெயர்ந்தாலும் சந்தம் பெயரவில்லை. அழுத்தம் பெறவேண்டிய அசை வலுவற்ற இடத்திலும், அழுத்தமற்ற அசை வலுவான இடத்திலும் விழுந்தன. குழந்தை தன் மொழியைப் பிறமொழியின் நடையில் ஒலிக்கப் பழகியது. சிறுவர் சேர்ந்திசை பற்றி 1929இல் எழுதிய கட்டுரையில் பள்ளிப் பாடல்களின் தரத்தைக் கொடாய் கண்டித்தார். 1930களின் இறுதியில் ஹங்கேரிய ஒலிப்பின் சிதைவு குறித்தும் எச்சரித்தார். செவியின் பயிற்சியும் நாவின் பயிற்சியும் அவருக்கு ஒன்றே எனலாம்.

2. நெறியின் உருவாக்கம்

கற்பிக்கும் கருவிகளைக் கொடாயும் அவர்தம் மாணாக்கரும் பிற நாடுகளிலிருந்து தயங்காது பெற்றனர். ஆதார சுரம் இடம்பெயரும் சுரப்பெயர் முறையும் கைக்குறிகளும் இங்கிலாந்தில் சாரா குளோவர், ஜான் கர்வன் ஆகியோர் வளர்த்தவை. ‘தா, தி-தி’ என்னும் தாளச்சொற்களின் மூலம் பிரெஞ்சு மரபில் உள்ளது. கடன் பெறலாகாது எனக் கருதப்பட்டது பாடல் மட்டுமே. தாய்மொழிப் பாடலே குழந்தையின் ‘இசைத் தாய்மொழி’ என்பது அவர்தம் கொள்கை.

1943–44இல் கெரேனியுடன் இணைந்து கொடாய் பள்ளிப் பாடல் திரட்டினை வெளியிட்டார். யெனொ ஆடாம் 1944இல் ஆசிரியர்க்கான முறைநூலை எழுதினார். 1950இல் கெச்கெமேட் நகரில் இசைக்குச் சிறப்பிடம் தரும் தொடக்கப்பள்ளி தோன்றியது. 2016இல் யுனெஸ்கோ இந்நெறியை மரபுப் பாதுகாப்பின் நற்செயல்முறைகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

3. பயன்களை மதிப்பிடுதல்

இத்தகைய பள்ளிகளின் மாணவரையும் பிற மாணவரையும் 1960களில் கிளாரா கொகஷ் ஒப்பிட்டு ஆராய்ந்தார். பின்னர் இலோனா பர்கோட்சியும் உளமொழியியலாளர் சபா ப்ளேயும் கெச்கெமேட் சிறுவரிடையே உளவியல் ஆய்வு நடத்தினர். இவ்வகை ஒப்பீடுகளைக் கையாள்வதில் எச்சரிக்கை தேவை. பெற்றோரின் விருப்பமும் குடும்பச் சூழலும் பள்ளித் தேர்வில் பங்கு பெறுவதால், காணப்படும் வேறுபாடு முழுவதையும் இசையின் விளைவாகக் கொள்ளல் இயலாது. ஆனால் கொடாயின் மொழிசார் வாதம் இவ்வகை அளவீடுகளை மட்டும் நம்பி நிற்பதன்று. பாடலின் சந்தம் மொழியின் சந்தத்தோடு இயைகிறதா என்பதைப் பனுவலைக் கொண்டே சோதிக்கலாம்.

4. தமிழ்நோக்கில்

ஹங்கேரியப் பழம்பாடல்களின் ஐஞ்சுர அமைப்பு சுத்த தன்யாசியின் சுரங்களை ஒத்தது. ஆதார சுரம் இடம்பெயர்வதும் தமிழர்க்குப் பழகியதே. ஆயின் மொழியமைப்பு வேறு. தமிழில் சொல்லழுத்தம் பொருளை வேறுபடுத்துவதில்லை; மாத்திரையே வேறுபடுத்துகிறது. ‘படம்’ என்னும் சொல்லின் முதலசை நீண்ட சுரத்தில் நின்றால் அது ‘பாடம்’ ஆகிவிடும். தேர்ந்த பாடகர் இசைநீட்டத்தையும் சொல்நீட்டத்தையும் பிரித்துணர்வர். எழுத்தறியத் தொடங்கும் குழந்தைக்கு அப்பயிற்சி இல்லை.

எனவே பிறமொழி மெட்டுகளுக்குத் தமிழ்ச்சொல் அமைப்போர், ஹங்கேரியர் அழுத்தத்தை நோக்கியதுபோல் குறில் நெடிலை நோக்குதல் வேண்டும். பன்மொழி வழங்கும் இந்தியாவில் ஒரு பாடலைப் பல மொழிகளில் பெயர்த்துப் பள்ளிகளுக்குத் தரும்போது, ஒவ்வொரு மொழிக்கும் இச்சோதனை தனித்தனியே செய்யப்படவேண்டும். இசைக்கல்வியின் பயன் எத்தனை மணிநேரம் கற்பிக்கப்படுகிறது என்பதில் மட்டும் இல்லை. எப்பாடல் கற்பிக்கப்படுகிறது என்பதிலும் அடங்கியுள்ளது.