தடுப்பு மருந்துக் கொள்முதல்: அந்தமான் நிகோபார் தீவுகள்

எந்நோய்க்கு எந்தத் தடுப்பு மருந்தைக் கொள்வது, எவ்வளவு கொள்வது, யாரிடம் என்ன விலைக்குக் கொள்வது என்பனவற்றை ஜனங்களின் ஆரோக்கியம் கருதி அரசாங்கம் தீர்மானிக்கும் முறையே தடுப்பு மருந்துக் கொள்முதல் எனப்படும். 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி சுமார் 3.8 லட்சம் பேரே வாழும் அந்தமான் நிகோபார் தீவுகளில், இம்முறையின் பலமும் குறையும் பெருநிலத்தைக் காட்டிலும் தெளிவாகப் புலப்படுகின்றன.

பூர்வ சரித்திரம்

1858-இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) கைதிகளின் குடியேற்றத்தை நிறுவியபின், வெளியுலக நோய்கள் அவற்றை எதிர்க்கும் சக்தியற்ற ஆதிகுடிகளிடையே புகுந்தன. 1877-இல் பரவிய தட்டம்மை, அக்குடிகளுள் ஒரு பிரிவினரான கிரேட் அந்தமானியரில் பெருந்தொகையினரை மாய்த்தது. அந்நோய்க்குரிய தடுப்பு மருந்தோ 1963-இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இந்தியாவில் முற்காலத்து அரசாங்கம், வேண்டிய மருந்தைப் பெரும்பாலும் தானே உற்பத்தி செய்துகொண்டது. கிண்டியில் 1899-இல் தோன்றிய கிங் நிலையம் அம்மைப்பாலையும், 1907-இல் எழுந்த குன்னூர் பாஸ்டர் நிலையம் வெறிநாய்க்கடி மருந்தையும், 1948-இல் அமைந்த கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் காசநோய்த் தடுப்பு மருந்தையும் அளித்தன. 1985-இல் தொடங்கிய சர்வஜனத் தடுப்பூசித் திட்டத்தால் தேவை பெருகவே, தனியார் தொழிற்சாலைகளிடம் டெண்டர் மூலம் வாங்குவது வளர்ந்தது. 2008-இல் கசௌலி, குன்னூர், கிண்டி பி.சி.ஜி. ஆகிய மூன்று அரசாங்க நிலையங்களின் உற்பத்தி உரிமம் நிறுத்தப்பட்டதற்கும் 2010-இல் மீண்டதற்கும் இடைப்பட்ட காலத்தில், தனியாரைச் சார்ந்து நிற்கும் நிலை மேலும் இறுகிற்று.

தேர்வும் விலையும்

2001-இல் அமைக்கப்பட்ட தேசியத் தடுப்பூசித் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு, நோயின் பாரம், மருந்தின் பயன், அபாயம், செலவு ஆகியவற்றைச் சீர்தூக்கி மத்திய சுகாதார அமைச்சகத்துக்குப் பரிந்துரைக்கிறது. பிறக்கும் குழந்தைகளின் தொகை, தவணைகள், சேதாரம், கையிருப்பு ஆகியவற்றைக் கொண்டு தேவை கணிக்கப்படுகிறது. தேசம் முழுமைக்கும் ஒருசேர வாங்குவதால் சிறிய தீவுகளும் பெருங்கொள்முதலின் விலையிலேயே மருந்தைப் பெறுகின்றன. அமெரிக்கக் கண்டத்துச் சிறு நாடுகள் 1979 முதல் ஒரு பொது நிதியின் மூலம் சேர்ந்து வாங்குவதும் இக்காரணம் பற்றியே. 2021 மே மாதத்தில் கொரோனா மருந்தை மாநிலங்கள் தனித்தனியே வாங்கவிட்டபோது, அவற்றுட் பல விடுத்த உலக டெண்டர்கள் பயனற்றுப் போயின. ஜூன் 21 முதல் அப்பொறுப்பை மத்திய அரசாங்கமே மீண்டும் ஏற்றது.

நிகோபாரியரும் காமாலையும்

எனினும், ஒருசேர வாங்கும்போது, தொகையிற் சிறிய சமூகத்தின் தனிப்பட்ட நோய் தேசிய சராசரியில் மறைந்துபோதல் கூடும். 1983-இல் போர்ட் பிளேரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார், பெருநிலத்தில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேரிடம் காணும், காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ்-பி கிருமியை, நிகோபார் தீவுகளின் பழங்குடியினரான நிகோபாரியருள் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோரிடம் கண்டனர். ஹைதராபாத்தில் 1997-இல் வெளிவந்த சுதேசி ஹெபடைடிஸ்-பி தடுப்பு மருந்து, அதுவரை எட்டாதிருந்த விலையைக் குறைத்தது. அதன்பின் கார் நிகோபார் தீவின் சில கிராமங்களில் ஊசி போடப்பட்டது. தேசியத் திட்டத்தில் அம்மருந்து நாடெங்கும் பரவியதோ 2011-இல்தான்.

கடல் வழி

சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடந்து வரும் மருந்து, தீவுகளின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து தென்கோடியிலுள்ள காம்ப்பெல் பே வரை மேலும் 500 கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டும். வழிநெடுகப் பெரும்பாலான மருந்துகளுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் குன்றலாகாது. போலியோ சொட்டு மருந்துப் புட்டியின்மேல் ஊதா வட்டமும் அதனுள் வெளிறிய சதுரமும் உண்டு. வெப்பம் படப்படச் சதுரம் கறுத்து வட்டத்தின் நிறத்தை எட்டுமாயின், செவிலியர் அப்புட்டியை ஒதுக்கிவிடுவர். ஹெபடைடிஸ்-பி மருந்தோ உறைந்தால் கெடும். ஆதலால் பனிக்கட்டிப் பைகளைச் சற்றே உருகவிட்ட பின்னரே பெட்டியில் அதனை அடுக்குகின்றனர்.

ஆகவே டெண்டரில் குறித்த விலை கொள்முதலின் ஒரு பகுதியே. குளிர்ப்பெட்டிக்கும் கப்பலுக்கும் செவிலியருக்கும் ஆகும் செலவும் அக்கணக்கிற் சேரவேண்டும். தேசத்தின் திரண்ட பலத்தால் விலையைக் குறைப்பதும், தீவுக் குடிகளின் நோய்க்கணக்கை ஆதாரமாக வைத்து மருந்தைத் தெரிவதும் ஒன்றுகூடினால்தான், தொகையிற் சிறிய ஜனசமூகத்துக்கு அரசாங்கம் தன் கடமையைச் செய்ததாகும்.